படம் சரிதான், அளவு எங்கே தப்புகிறது?

"பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி போடுங்கண்ணா" என்று வருபவரிடம், எந்த நாட்டுக்கு என்றுதான் முதலில் கேட்பேன். ஷெங்கன் விசாவுக்கு 35-க்கு 45 மி.மீ. அமெரிக்காவுக்கு 2 அங்குலச் சதுரம். கனடா பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) என்றால் 50-க்கு 70. வேலூரில் நர்சிங் முடித்து வெளிநாடு கிளம்பும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனால் படக்கோப்பை அந்த அளவில் செய்துவிட்டாலே தாளிலும் அப்படியே விழும் என்று நம்பிவிடுகிறார்கள்.

படக்கோப்பில் உண்மையில் இருப்பது பிக்சல்கள்தான். 300 டிபிஐ என்பது அதோடு ஒட்டி வரும் குறிப்பு. அங்குலத்துக்கு 300 பிக்சல் வைத்து அச்சிடு என்கிறது, அவ்வளவுதான். போட்டோஷாப்பில் இமேஜ் சைஸ் திறந்து, ரீசாம்பிள் (பிக்சல் எண்ணிக்கையை மாற்றும் வசதி) டிக்கை எடுத்துவிட்டு 72-ஐ 300 ஆக்கிப் பாருங்கள். அங்குலம் சுருங்கும், பிக்சல் அசையாது. "72 டிபிஐ, பிரிண்டுக்கு ஆகாது" என்று படத்தைத் திருப்பி அனுப்பும் டிசைனர்கள் இதைச் செய்து பார்ப்பதே இல்லை. 4000-க்கு 3000 பிக்சல் உள்ள போன் படம் 72 என்று காட்டினாலும், 300-ல் 13 அங்குல அகலத்துக்குத் தாராளமாக வரும். அதே படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தால் நீளப்பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலுக்கு இறங்கிவிடும். 5 அங்குலத்தைத் தாண்டினால் தரம் குறையத் தொடங்கும். டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்று நச்சரிப்பது இதனால்தான்.

கோப்பு சரியாக இருந்தும் அளவைக் கெடுப்பது பிரிண்ட் கொடுக்கும்போது வரும் பெட்டி. அதில் தாளுக்குள் அடங்கும்படி அளவை மாற்றும் 'ஃபிட்' என்று ஒன்று இருக்கும். பல நேரம் நாம் தொடாமலே அது தேர்வாகி நிற்கும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ வேலைக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. ஆர்டர் தரும் பையர் அனுப்பும் பேட்டர்ன் (தோல் வெட்டும் அளவு வரைபடம்) பி.டி.எஃப். அமெரிக்க லெட்டர் தாளுக்குச் செய்ததாக இருந்தால் அகலம் 216 மி.மீ.; நம் ஏ4 210 தான். ஃபிட் போட்டால் எல்லாம் 97 சதவீதத்துக்கோ அதற்கும் கீழேயோ சுருங்கும். பார்த்தால் தெரியாது. ஆனால் 265 மி.மீ. இன்சோல் (ஷூவின் உள் அடித்தட்டு) 258-க்கு வந்திருக்கும். பிரெஞ்சு சைஸில் (ஐரோப்பிய ஷூ எண்) ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளியே 6.67 மி.மீ. தான். முழுசாக ஒரு சைஸ் போச்சு! தோலை வெட்டிய பிறகு தெரிந்து என்ன செய்ய? 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100% போடுங்கள். ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் உள்ளே அளவு மாறாது.

பார்டர்லெஸ் பிரிண்டில் கதை தலைகீழ். வெள்ளை ஓரம் தெரியக்கூடாது என்று மெஷின் படத்தைச் சற்றே பெரிதாக்கித் தாளுக்கு வெளியேயும் அடிக்கும். மேக்ஸி (4-க்கு 6 அங்குல) தாளில் எட்டு பாஸ்போர்ட் படம் அடுக்கி அப்படி எடுத்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் ஊதிவிடும். ஷெங்கனுக்கு முகம் 32 முதல் 36 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்; 36-ல் வைத்திருந்தால் வரம்பு தாண்டிவிடும். இத்தகைய வேலைக்கு நான் பார்டர் வைத்துத்தான் எடுப்பேன்.

ஃப்ளெக்ஸுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு 10 அடி பேனர் கேட்பவரிடம் யாரும் 300 கேட்பதில்லை, தூரத்திலிருந்து பார்ப்பதுதானே. அங்கே நீள அகல விகிதம் மட்டும் மாறக்கூடாது. இழுத்து நிரப்பினால் தலைவர் முகம் பூசணிக்காய் ஆகிவிடும்.

அளவு முக்கியமான எந்த வேலையிலும் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றைக் குறுக்கிலும் ஒன்றை நெடுக்கிலும் போட்டுவிடுங்கள். ஒரு தாள் எடுத்து ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இரண்டு திசையிலும் பார்ப்பது அவசியம், தாள் நகரும் திசையில் மட்டும் தப்பும் பிரிண்டர்கள் உண்டு. 100% போட்டும் இரண்டு கோடும் 98 தான் வருகிறதென்றால் ஸ்கேலிங்கில் 102 கொடுத்து, மறுபடி ஒரு தாள் எடுத்து அளந்த பிறகு மொத்தத்தையும் ஓட்டுங்கள்.