ஹார்ட்ஸ் திட்டம்: இதயநோய்த் தடுப்பில் மருத்துவப் பணியாளர்களுக்கான தொடர் பயிற்சி

மாரடைப்பும் பக்கவாதமும் வந்தபின் அளிக்கும் சிகிச்சை பெரிய மருத்துவமனைகளைச் சார்ந்தது. அவை வராமல் தடுக்கும் வேலை பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் ஆகியோரிடமே இருக்கிறது. அவர்களுக்கு வழிகாட்டுவதற்காக உலக சுகாதார நிறுவனம் 2016-ஆம் ஆண்டு ஹார்ட்ஸ் என்னும் தொகுப்பை வெளியிட்டது. வாழ்க்கைமுறை ஆலோசனை, சிகிச்சை நெறிமுறை, மருந்துகளும் கருவிகளும் கிடைக்கச் செய்தல், அபாயக் கணிப்பு, குழுப்பணி, கண்காணிப்பு என ஆறு பகுதிகள் கொண்ட இத்தொகுப்பை ஒவ்வொரு நாடும் தன் சூழலுக்கேற்பத் திருத்தி நடைமுறைப்படுத்தலாம்.

ரத்த அழுத்தம் அளப்பதில் நெடுங்கால அனுபவம் உள்ளவருக்கும் அதில் மறுபயிற்சி தேவை என்பதே என் உறுதியான கருத்து. நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். பாதங்கள் தரையில் படிந்திருக்க, கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். அளக்கும்போது யாரும் பேசக் கூடாது. கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தாலே அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால், இவற்றில் ஒன்று தவறினாலும் தேவையற்ற மருந்தை ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கொள்ள நேரிடலாம்.

40 முதல் 74 வயது வரையிலானவர்களுக்கு அடுத்த பத்து ஆண்டுகளில் இதயநோயோ பக்கவாதமோ வரும் அபாயத்தைக் கணிக்க 2019-இல் புதுப்பிக்கப்பட்ட அட்டவணைகள் உள்ளன. வயது, பாலினம், புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கொழுப்பின் அளவு ஆகியவற்றை அவை கருத்தில் கொள்கின்றன. ஆய்வக வசதி இல்லாத இடங்களில் சர்க்கரை நோய், கொழுப்பின் அளவு ஆகியவற்றுக்குப் பதிலாக உடல் நிறை குறியீட்டை (உயரத்துக்கேற்ற எடையின் அளவு) வைத்துக் கணிக்க உதவும் தனி அட்டவணையும் உண்டு.

உயர் ரத்த அழுத்தம் உறுதிசெய்யப்பட்டு, அளவு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருந்து தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் கூறுகிறது. ஏற்கெனவே இதயநோய் உள்ளவருக்கு மேல் அளவு 130-ஐ எட்டும்போதே தொடங்கலாம். அழுத்தம் இலக்குக்குள் வரும்வரை மாதந்தோறும் மீண்டும் பார்க்க வேண்டும். மருத்துவரின் மேற்பார்வையும் உரிய பயிற்சியும் இருந்தால் செவிலியர்களும் மருந்தாளுநர்களும் சிகிச்சையைத் தொடரலாம் என்பதையும் அவ்வழிகாட்டுதல் ஏற்கிறது. மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

வகுப்பில் எத்தனை மணி நேரம் அமர்ந்தார்கள் என்பதைக் கொண்டு இத்திட்டத்தின் பலன் மதிப்பிடப்படுவதில்லை. பதிவுசெய்து சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேருக்கு ஆறு மாதத்தில் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்பதே அளவுகோல். இடையில் வராமல் நின்றுபோனவர்களும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படுகிறார்கள்.