நீலகிரிப் புல்வெளியில் மரம் நட வேண்டாம்

தாவர வழிமுறை வளர்ச்சிப் பாடம் நடத்தும்போது ஒரு நிலத்தில் தாவரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசையைக் கரும்பலகையில் எழுதுவேன்: வெறும் பாறை, லைக்கன், மாஸ், புல், புதர், கடைசியில் காடு. பல வருடங்கள் அதோடு நிறுத்தியிருக்கிறேன். அது போதாது என்று புரிந்தது, மாணவர்களை நீலகிரியிலுள்ள அவலாஞ்சிக்கு அழைத்துப் போனபோதுதான். புல் போர்த்திய மலையைப் பார்த்ததும் ஒரு மாணவி, "இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே, மரம் நடலாமே சார்" என்றாள். நான் எழுதிப்போட்ட வரிசைதான் அவளை அப்படிப் பேச வைத்தது.

தட்பவெப்பம் எந்த நிலத்தையும் கடைசியில் ஓர் உச்சநிலைக் குழுமத்தில், அதாவது அதற்கு மேல் மாறாத தாவரக் கூட்டத்தில், கொண்டுபோய் நிறுத்தும் என்று 1916-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸ் எழுதினார். நீலகிரி உச்சிகள் அதற்குள் அடங்கவில்லை. பள்ளங்களில் சோலை எனப்படும் மலைக்காடு, மேடுகளில் புல். இங்குள்ள சதுப்புகளின் கரிமண்ணில் பதிந்த கார்பன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட கார்பன் அணுக்கள்; புல்லும் மரமும் இவற்றை வெவ்வேறு விகிதத்தில் விட்டுச்செல்லும்) படித்தால், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்தது தெரிகிறது. திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக் கன்றுகளை உறைபனி கருக்கிவிடுகிறது. காடாகும் வழியில் பாதியில் நின்றுபோன நிலம் என்று இதைச் சொல்லவே முடியாது.

ஆங்கிலேயர் காலத்தில் இது 'தரிசு' என்று எழுதப்பட்டது. ஒரு தவறான வகைப்பாடு எவ்வளவு தூரம் போகும் பாருங்கள்! தரிசு என்றான பிறகு கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) வந்தன. சீகை அவரைக் குடும்பத்தது. வேர் முடிச்சுகளில் நைட்ரஜனை நிலைநிறுத்தி ஏழை மண்ணிலும் செழிக்கும். அதன் விதைகள் மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு காத்திருக்கும். மரத்தை வெட்டிய இடத்தில் நாற்றங்கால் போலக் கன்றுகள் எழுந்து புல்லை மூடும்.

அந்தப் புல்லை நம்பி வாழ்வது நம் மாநில விலங்கான வரையாடு. நெடுங்காலம் அதை இமயமலைத் தார் ஆட்டோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005-ல் டிஎன்ஏ ஆய்வு, அது செம்மறி ஆட்டுக்கே நெருக்கம் என்று காட்டியது. இப்போது அது நீலகிரிட்ராகஸ் ஹைலோகிரியஸ்; அந்தப் பேரினத்தில் வேறு இனமே கிடையாது. வகைப்பாட்டை இப்படித் திருத்த முடிகிறதே, 'தரிசு' என்ற சொல்லையும் திருத்தலாம்தானே?

மரம் நடும் விழாவுக்கு மாணவர்களை மலைக்குக் கூட்டிவரும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். வனத்துறையிடம் அனுமதி வாங்கி, அவர்களைப் புல்வெளியில் சீகைக் கன்று பிடுங்க விடுங்கள். மழை விட்ட மறுநாள் போங்கள். மண் இளகியிருக்கும், சின்னக் கன்றுகள் வேரோடு வரும்.