கோஸ் வேரில் ஒரு நொடிக் குத்து

“காலையில் நிமிர்ந்து நிற்கிற கோஸ் நண்பகலில் துவண்டுவிடுகிறது, சாயங்காலம் மறுபடி நிமிர்கிறது. தண்ணீருக்குக் குறைவில்லை, இலையில் புழு இல்லை. திருஷ்டி கழித்தும் பார்த்தாயிற்று. என்னதான் கோளாறு?” கோத்தகிரிப் பக்கத்து வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்த கேள்வி இது.

திருஷ்டியை விடுங்கள். ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மெல்லிய சல்லிவேர் இருக்க வேண்டிய இடத்தில் இஞ்சிக் கிழங்கைப் போலவோ விரல்களைப் போலவோ தடித்த வீக்கங்கள் இருந்தால், அது கிளப் ரூட் என்கிற வேர்வீக்க நோய். நீலகிரியில் கோஸிலும் நூல்கோலிலும் பதிவான நோய்தான். வேர் இப்படி உப்பும்போது அதற்குள் நீரேற்றும் குழாய்கள் நசுங்கிச் சிதைகின்றன. வெயில் ஏறினால் இலை கேட்கிற நீரை வேரால் அனுப்ப முடிவதில்லை. வெயில் தாழ்ந்ததும் கணக்கு நேராகிவிடுகிறது.

நூற்புழு உண்டாக்கும் வேர்முடிச்சோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். நூற்புழு முடிச்சு மணி மணியாக இருக்கும், பக்கத்துப் பாத்தியில் தக்காளியையும் கேரட்டையும்கூடப் பிடிக்கும். வேர்வீக்கமோ கடுகுக் குடும்பத்தோடு நின்றுவிடும்: கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், புரோக்கோலி, டர்னிப், முள்ளங்கி, கடுகு, பிறகு பாத்தி ஓரத்தில் முளைக்கிற அதே குடும்பத்துக் களைகள். கேரட் சுத்தமாக இருந்து கோஸ் மட்டும் வீங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதை உண்டாக்கும் உயிரியின் பெயர் பிளாஸ்மோடியோபோரா பிராசிகே. 1870களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சுற்றுவட்டாரத்துக் கோஸ் தோட்டங்கள் நாசமானபோது, மிஹயீல் வொரோனின் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் வேரை அறுத்து அறுத்துப் பார்த்து 1878இல் இதை விவரித்தார். பாக்டீரியா இல்லை, வைரஸ் இல்லை. வெகுகாலம் பூஞ்சைக் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள், அதுவும் இல்லை. உருளைக்கிழங்கில் பொடிச்சொறி உண்டாக்கும் உயிரி இதற்குப் பங்காளி. கடையில் பூஞ்சைக்கென்று விற்கிற மருந்துகள் பல இதனிடம் பலிக்காததற்கு ஒரு காரணம் இந்த வம்சாவளிதான்.

மண்ணில் இது உறக்க வித்தாகக் கிடக்கிறது. ஒரு வித்தின் குறுக்களவு ஏறக்குறைய 3 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் முந்நூறு வித்துகளை வரிசையாக அடுக்கலாம். கடுகுக் குடும்பத்து வேர் கசியவிடும் பொருள்கள் பட்டதும் வித்து முளைத்து, நீளம் ஒத்துப்போகாத இரண்டு சாட்டைகளோடு ஒரு நீந்தும் உயிரணு வெளிவருகிறது. மண் துகள்களுக்கிடையே உள்ள நீர்ப்படலத்தில் நீந்தி ஒரு வேர்த்தூவியை, அதாவது வேரில் முளைத்திருக்கும் நுண்ணிய முடியை, அடைகிறது. ஈரமும் மிதமான குளிரும் உள்ள நிலம் இதற்குத் தோதாக இருப்பது இதனால்தான்.

அடுத்து நடப்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். தூவியில் ஒட்டிய உயிரணு சாட்டைகளைச் சுருட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பி உருண்டையாகிறது. அதற்குள் ஒரு குழல் தயாராகிறது, குழலுக்குள் கூர்நுனியோடு ஒரு முள். ஆய்வாளர்கள் குழலை ‘ரோர்’ என்றும் முள்ளை ‘ஸ்டாஹல்’ என்றும் ஜெர்மன் சொற்களாலேயே அழைக்கிறார்கள். பீட்ரூட்டைத் தாக்கும் உறவு உயிரி ஒன்றில் இந்த அமைப்பை 1969இல் முதலில் விவரித்தவர்கள் ஜெர்மனில் எழுதியதால் வந்த பெயர்கள். கோஸ் வேர்த்தூவியில் இது இயங்குவதை 1971இல் ஆயிஸ்ட், வில்லியம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் நேரம் குறித்துப் பார்த்தார்கள். உருண்டைக்குள் ஒரு நீர்க்குமிழ் பெரிதாகிறது. அந்த அழுத்தத்தில், உள்பக்கமாக மடிந்து கிடக்கும் சட்டைக் கையை வெளியே உருவுவதுபோல, குழல் உள்வெளியாகப் புரண்டு தூவியின் சுவரில் அழுந்தி ஒட்டுகிறது. முள் குத்துகிறது. துளை விழ ஏறக்குறைய ஒரு நொடி. ஒட்டுண்ணியின் உடல் முழுக்க அந்தத் துளை வழியாகச் செடியின் உயிரணுவுக்குள் வழிந்துவிட, வெளியே காலிக் கூடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தசையில்லை, நரம்பில்லை, ஒரே ஒரு உயிரணு. அதற்குள் ஊசியும் மருந்தும் அழுத்துதண்டும். இந்த வேலைப்பாட்டைப் பார்த்தால் கோஸ் போன வருத்தம்கூடக் கொஞ்சம் மறந்துபோகும்.

உள்ளே போனது தூவியில் பெருகி, இரண்டாம் தலைமுறையாக வேரின் புறணிக்குள், அதாவது தோலுக்கு அடுத்த சதைப் பகுதிக்குள், இறங்குகிறது. செடியின் வளர்ச்சி ஹார்மோன்களான ஆக்ஸினும் சைட்டோகைனினும் தடம் மாறுகின்றன. உயிரணுக்கள் தாறுமாறாகப் பிரிந்து, பருத்து, ஒட்டுண்ணிக்குத் தீனிக் கிடங்குகளாகின்றன. செடி தற்காப்புக்கு எழுப்பும் அபாயச் செய்தி சாலிசிலிக் அமிலம். அதை மெத்தில் சாலிசிலேட்டாக மாற்றும் நொதி ஒன்று இந்த ஒட்டுண்ணியிடம் இருக்கிறது. மெத்தில் சாலிசிலேட் வேறொன்றுமில்லை, ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விண்டர்கிரீன் தைலத்தின் சரக்கு.

கடைசியில் வீங்கிய ஒவ்வொரு உயிரணுவும் வித்துகளால் நிறைகிறது. வீக்கம் அழுகியதும் கோடிக்கணக்கான வித்துகள் மண்ணில் கலக்கின்றன. ஸ்வீடனில் நடந்த ஆய்வில், வயல் மண்ணின் நோய்ச்சுமை கண்டறிய முடியாத அளவுக்குக் குறைய 17 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள்.

இனி வைத்தியம். சுண்ணாம்பு வித்தைக் கொல்வதில்லை. மண்ணின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.2ஐத் தாண்டி, கால்சியமும் தாராளமாக இருந்தால், வித்து முளைப்பதும் தூவிக்குள் நுழைவதும் வெகுவாகக் குறைகின்றன. அந்த ஒரு நொடிக் குத்து நடக்கிற வாசலில்தான் சுண்ணாம்புக்கு வேலை. ஆகவே அது நடவுக்கு முன்பே, வேர் போகிற ஆழம் முழுக்க, பொடியாகக் கலந்திருக்க வேண்டும். கற்குருணையாகப் போட்டால் துகளுக்குத் துகள் நடுவே அமிலத் திட்டுகள் மிஞ்சும். 3 மைக்ரோமீட்டர் ஆளுக்கு அந்தத் திட்டு ஒரு மைதானம். வீங்கிய வேருக்கு மேலே சுண்ணாம்பு நீர் ஊற்றுவதில் பயனில்லை.

முதலில் அளவிடுங்கள். பாத்தியில் ஐந்து இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்துங்கள். அதில் 20 கிராமை 50 மில்லி காய்ச்சி வடித்த நீரில் போட்டு அவ்வப்போது கலக்கி, அரை மணி நேரம் கழித்து பிஎச் தாளோ பேனா மீட்டரோ வைத்துப் பாருங்கள். மீட்டரானால் அன்றைக்கே பிஎச் 4, 7 என்று தெரிந்த கரைசல்களில் சரிபார்த்த பிறகு. நீலகிரி மண் பல இடங்களில் 5.5க்குக் கீழே நிற்கும். நன்கு பொடித்த சுண்ணாம்புக்கல் தூள் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ, அதாவது சென்ட்டுக்கு 20 கிலோ, என்று தொடங்கி 20 செ.மீ. ஆழம் வரை கொத்திக் கலக்குங்கள். நடவுக்கு ஆறு வாரம் முன்பாவது இது முடிந்திருக்க வேண்டும். அவசரமென்றால் சதுர மீட்டருக்கு நீற்றிய சுண்ணாம்பு 370 கிராம் அதே வேலையை இரண்டு வாரத்தில் தொடங்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல்லான டாலமைட் கெட்டதல்ல, ஆனால் மெதுவானது. மட்கு நிறைந்த கறுப்பு மலைமண் அத்தனை எளிதில் அசையாது, மீண்டும் அளந்து பார்த்துத்தான் அடுத்த தவணை.

கெடுவது எங்கே? சுண்ணாம்போடு பச்சைச் சாணத்தையோ யூரியாவையோ சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், சில வார இடைவெளி விடுங்கள். அம்மோனியம் சல்பேட் போட்டால் ஏற்றிய பிஎச் இறங்கும். இந்தப் பாத்திக்குக் கால்சியம் நைட்ரேட்தான் உரம். பிஎச் ஏறினால் போரான் கிடைப்பது குறைந்து காலிஃபிளவர் தண்டு உள்ளே பழுப்பேறிப் பொள்ளலாகும், சென்ட்டுக்கு 50 கிராம் போராக்ஸ் போதும். தேயிலை வரிசைப் பக்கம் சுண்ணாம்பு போகவே கூடாது, அதற்கு அமில மண்தான் வேண்டும். உருளைக்கிழங்கு இன்னொரு சிக்கல்: சுண்ணாம்பு போட்ட மண்ணில் சாதாரணச் சொறி நோய் தலைதூக்கும். அதனால் கிழங்கை எடுத்த பிறகு சுண்ணாம்பு, பிறகு கோஸ், அதன் பின் பூண்டு, பீன்ஸ், கேரட் என்று சுற்றுங்கள்.

நாற்றைத் தோட்டத்து மண்ணில் விடாதீர்கள். சுண்ணாம்புத் தூள் கலந்த தென்னைநார்க் கழிவிலும் சுத்தமான மண்புழு உரத்திலுமாக, 15 செ.மீ. பையில் ஐந்தாறு வாரம் வளர்த்து, வேர்க்கட்டி உடையாமல் நடுங்கள். வெளியே போகிற வேர் வீங்கினாலும் கட்டிக்குள் இருக்கும் வேர் செடியைக் கரையேற்றும். வீங்கிய வேரை மாட்டுக்குப் போடக் கூடாது, வித்து குடலைத் தாண்டிச் சாணத்தோடு வரும். உரக்குழியிலும் வேண்டாம். வெள்ளையாக, கெட்டியாக இருக்கும்போதே பிடுங்கி எரியுங்கள். மண்வெட்டியும் பூட்ஸும் மேல் பாத்திக்கு ஏறும் முன் கழுவப்பட வேண்டும், ஏனென்றால் சரிவில் மழைநீர் இறங்கும் வழியெல்லாம் நோயும் இறங்கும். பசுந்தாளுக்கென்று கடுகு விதைப்பதும் கூடாது.

இங்கிலாந்தில் நடவுக்குழியில் ருபார்ப் தண்டை வைத்தால் நோய் வராது என்று வெகுகாலம் நம்பினார்கள். நாம் திருஷ்டிக்குக் கட்டுகிற பூசணிக்காயைப் போன்ற நம்பிக்கைதான் அதுவும். எதிர்ப்பு ரகங்கள் உண்டு, ஆனால் நிரந்தரமில்லை. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 2003இல் கடுகுக் குடும்பத்து எண்ணெய்ப் பயிரான கனோலா வயல்களில் நோய் தெரிந்தது, 2009இல் எதிர்ப்பு ரகம் சந்தைக்கு வந்தது, 2013இலேயே அதை முறிக்கும் நோய்வகை தலைகாட்டியது. எண்ணெய்ப் பயிரில் கைவைத்த பிறகுதான் ஆராய்ச்சிப் பணம் பாய்ந்தது. அரை சென்ட் கோஸ் பாத்திக்காக யாரும் மரபணு வரிசை படிக்கப் போவதில்லை. ஊருக்கு ஒரு நம்பகமான பிஎச் மீட்டர் வைத்தாலே இங்கே பாதிப் பிரச்சினை தீரும், அதற்கு ஆகிற செலவும் சொற்பம்.

கேள்வி கேட்டவரின் பாத்தியில் இப்போது நிற்கிற செடிகளுக்கு: அடியிலுள்ள இரண்டு இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் கழுத்துவரை சுண்ணாம்பு கலந்த மண்ணை அணையுங்கள். அணைத்த இடத்தில் புது வேர் விடும். நண்பகலில் நிழல்வலை, சிறிது சிறிதாகத் தண்ணீர். பத்து நாளில் தேறாத செடியைப் பிடுங்கிவிடுங்கள். தேறியது சிறிய கோஸாகவாவது கட்டும். அறுக்கும்போது தண்டை மட்டும் வெட்டாமல், வேரையும் அன்றே தோண்டி எடுத்துவிடுங்கள்.