கிரைண்டிங் மிஷின் வைக்கும் முன் ஒரு போன் போடுங்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்கு போன். "சார், நம்ம ஊர் சிவன் கோயில் திருப்பணி முடியப்போகுது. கும்பாபிஷேகத்துக்கு நீங்க அவசியம் வரணும். சுவத்துல எழுத்தெல்லாம் இருந்துச்சே, அதைப் பளிச்சுனு பண்ணி வச்சிருக்கோம்." பேசியவர் நல்ல மனிதர். ஊர்ப் பணத்தோடு கைக்காசும் போட்டு வெயிலில் நின்று வேலை பார்த்தவர். ஆனால் 'பளிச்' என்று கேட்டதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அன்று மதியமே போய்ப் பார்த்தேன். கருவறையின் வடபுற அதிட்டானம், அதாவது சுவரைத் தாங்கும் அடித்தளம், வெளுத்து வந்த வேட்டி மாதிரி இருந்தது. அதன் கல் வரிசைகளான ஜகதியிலும் குமுதத்திலும் கிரைண்டிங் மிஷின் ஓட்டி மேல்தோலை உரித்திருந்தார்கள். அங்கே நான்கு வரிக் கல்வெட்டு ஒன்று இருந்தது. இப்போது மிச்சம், கோமுகிக்குக் கீழே வட்டு நுழைய முடியாத சந்தில் 'க்கு யாண்டு' என்று நாலைந்து எழுத்துகள். எந்த அரசனுக்கு என்பது இடப்பக்கம் போயிற்று, எத்தனையாவது யாண்டு, அதாவது ஆட்சியாண்டு, என்பது வலப்பக்கம் போயிற்று.

இரண்டு வருடம் முன்பு அந்தக் கல்வெட்டை நான் போனில் படம் எடுத்திருந்தேன். பாதிதான். மறுபாதியை ஓர் எண்ணெய் டின் மறைத்துக்கொண்டிருந்தது. குருக்கள் வந்ததும் நகர்த்தச் சொல்லலாம் என்று காத்திருந்தேன், மழை பிடித்துக்கொண்டது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். ஆக, இதில் என் தப்பும் உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றவர்களைத் திட்ட ஆரம்பிக்கிறேன்.

எனக்குத் தொழில் கல்வெட்டு படிப்பது. வார இறுதிகளில் எங்கள் மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவத்தோடு ஊர் ஊராகச் சுற்றுவது வழக்கம். நடுவம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று பள்ளி ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர், மூன்று மோட்டார் சைக்கிள், அப்புறம் ஒரு வாளி. வாளி எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பக்கமும் இப்படி ஒரு குழு இருக்கிறது. தொல்லியல் கழகம் 1991 முதல் 'ஆவணம்' என்ற ஆண்டிதழைக் கொண்டுவருகிறது. எந்த இதழை எடுத்தாலும், புதிதாகக் கண்டெடுத்த கல்வெட்டுகளில் கணிசமானவை இப்படிப்பட்டவர்கள் கண்ணில் பட்டவைதான். சும்மா சொல்லக்கூடாது, அதற்கும் முன்னால் அவற்றைப் பார்த்தவர்கள் ஆடு மேய்ப்பவர்கள். எனக்கு வந்த நல்ல தகவல்களில் பாதி, "அந்தப் பாறையில என்னமோ கிறுக்கியிருக்குங்க" என்று தொடங்கியவை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தேய்த்தால் எழுத்து போய்விடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உளி ஆழம் சில மில்லிமீட்டர்தான், வட்டு அதைவிட ஆழமாகத் தின்னும். அவ்வளவுதான். ஒரு காலத்தில் மணலைப் பீய்ச்சி அடித்துக் கோயில் சுவர்களை நாசம் செய்தார்கள். அறநிலையத் துறை அதைத் தடை செய்தது. ஒழிந்தது சனியன் என்று நினைத்தால், இப்போது கையடக்க மிஷின் வந்துவிட்டது. அது இல்லாத ஊரில் ஆசிட். ஆசிட் இல்லாவிட்டால் எனாமல் பெயிண்ட். அதுவும் இல்லாவிட்டால் டைல்ஸ். டைல்ஸ் ஒட்ட பிடிமானம் வேண்டும் என்று கல்லைக் கொத்திவிடுகிறார்கள். கொத்தாமல் ஒட்டியிருந்தாலாவது ஒருநாள் பெயர்த்துப் பார்க்கலாம்.

எனக்கு ஆத்திரம் வருவது இதற்கெல்லாம் அல்ல. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும்போது கமிட்டியில் ஒருவர் வந்து ஆறுதலாகச் சொல்வார் பாருங்கள், அதற்குத்தான்: "கவலைப்படாதீங்க சார், அதெல்லாம் கவர்மெண்ட்ல அந்தக் காலத்துலயே படி எடுத்துட்டாங்க." இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எடுத்தார்கள். கல்லில் தாளை ஒட்டி எழுத்தை ஒற்றியெடுக்கும் நகலைத்தான் படி என்கிறோம், அதை எடுத்ததை மறுக்கவில்லை. 1887 முதல் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் வருகின்றன, 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890-இல் வந்தது. மாட்டு வண்டியில் போய், வெயிலில் ஏணி மேல் நின்று எடுத்த படிகள் அவை. அந்த மனிதர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அவர்கள் உங்கள் ஊருக்கு வந்தார்களா? வந்த அன்று உங்கள் கோயில் சுவர் சுண்ணாம்பு பூசாமல் இருந்ததா? மடப்பள்ளிச் சுவர் அதற்கு முன்பே குறுக்கே எழும்பி, பாதிக் கல்வெட்டை மறைத்திருந்ததா? இதெல்லாம் தெரியாமல் 'எடுத்துட்டாங்க' என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

எடுத்திருந்தாலும், அச்சில் இருப்பது பல கல்வெட்டுகளுக்கு வெறும் சுருக்கம். இன்ன அரசன், இன்ன ஆண்டு, 'விளக்கெரிக்க ஆடு கொடுத்தது' என்று இரண்டு வரி. முழு வாசகம் இன்னும் அச்சேறாதவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சுவரில் இருப்பதோ வேறு. அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கு 96 ஆடு விட்டவர் யார், எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய அந்த 'சாவா மூவாப் பேராடு'களைப் பொறுப்பேற்ற மன்றாடி, அதாவது இடையர், யார், நாள்தோறும் உழக்கு நெய் எந்த அளவையால் அளக்க வேண்டும், கொடுத்த நிலத்துக்குக் கிழக்கே எந்த வாய்க்கால், தெற்கே யாருடைய தோட்டம் என்றெல்லாம் இருக்கும். அரசன் பெயர் ஆயிரம் இடத்தில் கிடைக்கும். உங்கள் வாய்க்காலின் பழைய பெயர் உங்கள் சுவரில் மட்டும்தான் இருக்கும். ஊர் வரலாறு என்பது அதுதானே?

அடுத்தது, படி என்பது கல்லுக்குப் பதில் அல்ல. எப்படி எடுக்கிறோம் என்று சொன்னால் புரியும். கல்லைத் தண்ணீர் விட்டு, நார் பிரஷ்ஷால் மெல்லத் துடைப்போம். வாளி அதற்குத்தான். ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவோம். பிறகு மையை ஒற்றினால் மேடு கறுப்பாகும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். உளிக்கோடும் பள்ளம், கல்லின் வெடிப்பும் பள்ளம். தாளில் இரண்டும் வெள்ளை. எது எழுத்து எது வெடிப்பு என்று தீர்மானிக்கக் கல்லில் விரல் வைத்துத் தடவிப் பார்ப்பதைவிட நல்ல வழியை நான் இன்னும் கண்டதில்லை.

பழைய கல்வெட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். எகர ஏகார வேறுபாடும் இருக்காது. 1900 வாக்கில் ஒருவர் ஒருவிதமாகப் படித்ததை இன்றைக்கு வேறொருவர் திருத்துகிறார் என்றால், திரும்பிப் போய்ப் பார்க்கக் கல் இருந்ததால்தான். ஒரு கல் தலைகீழாகவோ வரி அறுந்தோ இருந்தால், அந்தச் சுவரை எப்போதோ பிரித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை எந்தச் சுருக்கத்தில் தேடுவீர்கள்?

பழைய கோயிலைப் புதுப்பிப்பது தப்பே இல்லை. பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் கற்றளி, அதாவது கல்லால் ஆன கோயில், எடுத்தபோது, அங்கே இருந்த பழைய கல்வெட்டுகளைத் தூக்கிப் போடவில்லை. புதுச் சுவரில் திரும்ப வெட்டச் சொன்னார். வெட்டியதோடு நிற்காமல் 'இதுவுமொரு பழங்கற்படி' என்று குறிக்கவும் வைத்தார். மூலம் எது, நகல் எது என்று சொல்லிவைக்கும் நேர்மை ஆயிரம் வருடம் முன்னால் ஓர் அரசிக்கு இருந்திருக்கிறது. ஒரு போன் செய்ய நமக்கு என்ன கேடு?

கோயிலுக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். நடுகல்லுக்குக் கீழே புதையல் என்று யாரோ கிளப்பிவிடுகிறார்கள், ராத்திரியில் கடப்பாரை வருகிறது. சூலம் செதுக்கிய எல்லைக்கல்லைக் கண்டாலும் இதே கதை. ஐயா, அம்மா, கல்வெட்டில் புதையல் குறிப்பு எழுதியிருக்கும் என்பது சினிமா. எழுதிவைத்தவனுக்குப் பைத்தியமா? நடுகல் என்றால் அங்கே ஒருவன் செத்தான் என்று பொருள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு மடிந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடமாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது. இதைவிடவா பெரிய புதையல்?

ஒருவேளை நிஜமாகவே மண்ணுக்குள் ஏதாவது கிடைத்தால் தாசில்தாருக்கோ வி.ஏ.ஓ.வுக்கோ சொல்லிவிடுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பத்து ரூபாய்க்கு இன்று டீ கூடக் கிடைக்காது, ஆனால் சட்டம் அப்படித்தான்.

இனி, செய்ய வேண்டியதும் கூடாததும். கோபப்படாமல் கேளுங்கள்.

கல்வெட்டு தெரியவில்லை என்று மைதா மாவு, சாக்பீஸ், திருநீறு எதையும் அப்பாதீர்கள். சாக்பீஸால் எழுத்தின் மேல் எழுதிப் படம் எடுக்கிறவர்கள் கல்வெட்டைப் படிப்பதில்லை, தாங்களே ஒன்றை எழுதுகிறார்கள். காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போது பாருங்கள். இல்லையா, இருட்டிய பிறகு போய் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பகலில் வெறும் கல்லாக இருந்த இடத்தில் எழுத்து எழுந்து நிற்கும். பல வருடம் பார்த்த பிறகும் எனக்கு அந்த நிமிடம் சலிக்கவில்லை.

படம் எடுக்கும்போது ஒரு ஸ்கேலையோ பேனாவையோ பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு வரட்டும். கடைசியாகப் பின்னால் தள்ளி நின்று, எந்தச் சுவர் என்று தெரிகிற மாதிரி ஒன்று. நடுகல் சாய்ந்து கிடந்தால் நிமிர்த்த வேண்டாம், கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து பொட்டு வைக்கவும் வேண்டாம். அது கிடக்கும் இடமே தகவல். எனாமல் பெயிண்ட் ஏற்கெனவே அடித்திருந்தால் சுரண்டாதீர்கள், அப்படியே விட்டுவிட்டுத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். திருப்பணி என்று பேச்சு எடுத்தவுடனே கூப்பிடுங்கள், கும்பாபிஷேகப் பத்திரிகை அடித்த பிறகு அல்ல. எங்கள் நடுவத்துக்குக் கட்டணம் கிடையாது. மதியம் சாப்பாடு போட்டால் மறுக்கமாட்டோம்.

வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பாருங்கள். பரணில் இருக்கும் பழைய பத்திரம், கணக்கு நோட்டு, ஓலைச்சுவடி இவற்றை தயவுசெய்து லாமினேஷன் போடாதீர்கள். போட்டவர் நல்லெண்ணத்தில் போட்டு, நான் பிரிக்க முடியாமல் விழித்த பத்திரங்கள் உண்டு. செல்லோ டேப்பும் வேண்டாம். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று குப்பைக்குப் போகிறவற்றையும் ஒருமுறை காட்டிவிட்டுப் போடுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு மனிதர் புத்தகங்களோடு அந்த மாதிரித் துண்டுத் தாள்களையும் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவர் சேகரிப்புதான் இன்று சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அப்படியே வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு ஏரி மதகு, பழைய சந்தை, பஞ்ச காலம் என்று பேச்சுக் கொடுங்கள். இதற்கு எங்களைக் கூப்பிட வேண்டியதில்லை. எங்களைவிட உங்களிடம்தான் அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

திருப்பணி நடந்த அந்த ஊருக்குக் கும்பாபிஷேகத்தன்று போனேன். மாலை போட்டார்கள், வாங்கிக்கொண்டேன். கமிட்டித் தலைவர் தனியாக அழைத்து, "உங்க போன்ல இருக்கிற பாதியையாவது ஒரு பலகைக்கல்லுல வெட்டி வச்சிடலாமா?" என்று கேட்டார். வெட்டலாம், ஆனால் எதைப் பார்த்து வெட்டியது, எவ்வளவு அழிந்தது என்பதையும் கீழே வெட்ட வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வேறோர் ஊர். திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிகமாக இடம் மாற்றும் பாலாலயம் ஆகிவிட்டதாம், கொத்தனார் இன்னும் வரவில்லையாம். எண்ணெய் டின்னையெல்லாம் முதல் நாளே நகர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.