ஆஸ்பிரின் போட்டால் சிலருக்கு ஏன் மூச்சு இளைக்கிறது?

ஒருவர் தலைவலிக்கு ஒரு ஆஸ்பிரின் போடுகிறார். அரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு அடைக்கிறது, கண் சிவக்கிறது, நெஞ்சு இறுகுகிறது, இளைப்பு தொடங்கிவிடுகிறது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்கு இந்த ஆபத்து உண்டு. கடும் ஆஸ்துமா இருந்தால் இது இரண்டு மடங்காகிறது. பிறவியிலேயே வருவதல்ல இது. பெரும்பாலும் 30 வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் தலைகாட்டும். விடாத மூக்கடைப்பு, மூக்குக்குள் சதை வளர்ச்சி, வாசனையே தெரியாமல் போவது என்று முன்னறிகுறிகளும் இருக்கும். சதை வளர்ச்சி, ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை 1922-லேயே பிரான்சின் மருத்துவர் ஃபெர்னாண்ட் விடால் எழுதிவிட்டார். ஆனாலும் 1968-ல் விரிவாக விவரித்த மாக்ஸ் சாம்டரின் பெயரே இதற்கு நிலைத்தது.

ஆஸ்பிரின் அலர்ஜி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் பெனிசிலின் அலர்ஜியில் நடப்பது இங்கே நடப்பதில்லை. அங்கே ஐஜிஇ எனும் எதிர்ப்பொருள் மருந்தின் வடிவத்தை அடையாளம் கண்டு பாய்கிறது. இங்கேயோ, வேதி அமைப்பில் ஆஸ்பிரினோடு ஒட்டுறவே இல்லாத ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகள் எல்லாமே அதே இளைப்பைக் கொண்டுவருகின்றன. வடிவம் காரணம் இல்லையென்றால் வேறென்ன? 1971-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன், உடலில் வலி, வீக்கம் முதலியவற்றைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் எனும் வேதிப்பொருளின் உற்பத்தியை ஆஸ்பிரின் வகை மருந்துகள் தடுக்கின்றன என்று காட்டினார். 1975-ல் போலந்தின் கிராகோவ் நகரில் ஆந்த்ரே ஷ்செக்லிக் குழுவினர் அடுத்த முடிச்சை அவிழ்த்தார்கள். அந்த உற்பத்தியை நடத்தும் காக்ஸ் நொதியை வலுவாகத் தடுக்கும் மருந்துகளே இந்த நோயாளிகளுக்கு இளைப்பை வரவழைத்தன.

செல் சவ்விலிருந்து வெளிவரும் அராக்கிடோனிக் அமிலம் இரண்டு வழிகளில் போகலாம். காக்ஸ் நொதியிடம் போனால் புரோஸ்டாகிளாண்டின். இன்னொரு நொதியிடம் போனால் மூச்சுக்குழாயைச் சுருக்கும் லியூகோட்ரையீன். ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் முழுக்க மறு மடையில் பாயும் என்பதுதான் வழக்கமான விளக்கம். இது போதாது. அப்படியென்றால் ஆஸ்பிரின் போடுகிற எல்லோருக்கும் அல்லவா இளைக்க வேண்டும்?

இந்த நோயாளிகளின் சுவாசப்பாதை மாத்திரைக்கு முன்பே கொந்தளிப்பில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘இயோசினோபில்’ என்று ஒரு வரி வருமே, அந்த அணுக்கள் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் குவிந்திருக்கின்றன. லியூகோட்ரையீனை உருவாக்கும் நொதி அவற்றில் மிகுதி. மாத்திரை போடாத நாளில்கூட இவர்களின் சிறுநீரில் லியூகோட்ரையீன் இ4 என்ற வகை மற்ற ஆஸ்துமா நோயாளிகளைவிட அதிகம். ஒவ்வாமையைத் தூண்டும் மாஸ்ட் செல்களையும் இயோசினோபில்களையும் ஓரளவு அடக்கிவைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின்களில் ஒன்றான இ2. அதுவும் இவர்களிடம் குறைவு. இருக்கும் கொஞ்சமும் காக்ஸ் நொதியின் இரு வகைகளில் ஒன்றான காக்ஸ்-1-ஐப் பெரிதும் நம்பியது. ஆஸ்பிரின் அதையும் முடக்கும்போது மாஸ்ட் செல்கள் வெடித்து லியூகோட்ரையீன்களைக் கொட்டுகின்றன. மூச்சுக்குழாயைச் சுருக்குவதில் அவை ஹிஸ்டமினைவிட நூறு மடங்குக்கும் மேல் வலியவை.

காக்ஸ்-2 நொதியை மட்டும் தடுக்கும் செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் போன்றவை இவர்களில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்வது இதனால்தான். பாராசிட்டமால் குறைந்த அளவில் பொதுவாகத் தொந்தரவு தராது. ஒரே வேளையில் 1000 மி.கி. போனால் சிலருக்கு இளைக்கலாம். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் உடம்புவலி என்றதும் எடுத்துத் தரும் கூட்டு மாத்திரைகள்தான் எனக்குக் கவலை. பாராசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ அதில் சேர்ந்திருக்கும். மூக்கில் சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் அட்டையைத் திருப்பி, மருந்தின் பெயரைப் படித்த பிறகே வாங்க வேண்டும்.

மாண்டெலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா மாத்திரை, லியூகோட்ரையீன் போய் ஒட்டும் இடத்தை மறைக்கிறது. தாக்குதலைத் தணிக்கும், முழுதாகத் தடுக்காது. இதைவிட வியப்பானது, ஆஸ்பிரினையே மருந்தாக்குவது. டாக்டரின் நேரடிக் கண்காணிப்பில் 20 முதல் 40 மி.கி. அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி 325 மி.கி. வரை கொண்டுபோகிறார்கள். உடல் அதைத் தாங்கப் பழகியபின் தினமும் ஆஸ்பிரின் எடுத்துவந்தால் மூக்குச் சதை திரும்ப வளர்வது மெதுவாகிறது, பலருக்கு வாசனை திரும்புகிறது. வீட்டில் செய்துபார்க்கக் கூடாத சிகிச்சை இது. இரண்டு மூன்று நாள் மாத்திரையை விட்டாலே தாங்கும் சக்தி போய்விடும். பிறகு மருத்துவமனையில் சிறு அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.