பாட்டியின் வாயை ஏன் மூடினீர்கள்?

போன வாரம் இரண்டரை வயதுப் பையன் ஒருவன் பெற்றோருடன் என் அறைக்கு வந்தான். உட்கார்ந்த வேகத்தில் 'ஏ' முதல் 'இஸட்' வரை ஒப்பித்தான். ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணினான். சிவப்பு, பச்சை, ஊதா எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பெயர் சொன்னான். "எல்லாம் தெரியும்ங்க, பேசத்தான் மாட்டேங்கிறான்" என்றார் அப்பா. குரலில் கவலையை விடப் பெருமை அதிகம்.

கால் மணி நேரம் போயிருக்கும், பிள்ளைக்குத் தாகம். தண்ணீர்ப் போத்தல் அம்மாவின் பையில் இருந்தது. "தண்ணி" என்று வரவில்லை, "வாட்டர்" என்றும் வரவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பையின் மேல் வைத்தான், அவ்வளவுதான். டபிள்யூவுக்கு 'வாட்டர்மெலன்' சொன்ன அதே பிள்ளை.

மூலையில் பாட்டி உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரமாக ஒரு சொல் பேசவில்லை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டபோதுதான் வாய் திறந்தார். "நான்தான் டாக்டரம்மா. ஆனா நான் தமிழ்ல பேசினா பிள்ளை குழம்பிடும்னு சொல்லிட்டாங்க. எனக்கு இங்கிலீஷ் வராது. அதான் டிவியைப் போட்டுட்டு சும்மா இருக்கேன்." (நான் டாக்டர் இல்லை, பேச்சு மொழிச் சிகிச்சையாளர். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.)

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் விட்டிருந்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் சிங்கப்பூரில் செங்காங்கிலிருந்தும் உட்லண்ட்ஸிலிருந்தும் ஜூரோங்கிலிருந்தும் இதே கதையோடுதான் வருகிறார்கள். பிள்ளை பேசத் தாமதமாகிறது. பக்கத்து வீட்டுக்காரரோ, பாலர் பள்ளியில் யாரோ, சில சமயம் விவரம் தெரிந்திருக்க வேண்டியவர்களோ, "ஒரு மொழியை நிறுத்திப் பாருங்கள்" என்கிறார்கள். நிறுத்தப்படுவது எப்போதும் தமிழ்தான். இதுவரை ஒரு வீட்டில்கூட ஆங்கிலத்தை நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதை ஒரு முறை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சுத் தாமதம் வருவதில்லை. வயிற்றில் இருக்கும்போதே கேட்கத் தொடங்கிவிடும் குழந்தை, பிறந்த சில நாள்களிலேயே அம்மாவின் குரலைப் பிரித்தறிகிறது. தாளம் வேறுபட்ட இரண்டு மொழிகளையும் பிரித்துவிடுகிறது. "பால் ஃபினிஷ்" என்று பிள்ளை சொன்னால் அது குழப்பம் இல்லை. கையில் இருக்கும் சொல்லை வைத்துக் காரியத்தை முடிக்கும் கெட்டிக்காரத்தனம். "பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன், லேட்டா வரேன்" என்று நீங்கள் தினமும் சொல்கிறீர்களே, உங்களுக்கு யாராவது சிகிச்சை பரிந்துரைத்தார்களா?

சொற்களை எண்ணும்போதும் இதே தப்புதான். "இங்கிலீஷில் பதினைந்து சொல்தான் வருது" என்று அம்மா அழுகிறார். தமிழில் எத்தனை என்று கேட்டால், அதை எண்ணவே இல்லை. மம்மு, தாத்தா, பூ, காக்கா, வேணாம் எல்லாம் சொல்தான். வீட்டுப் பணிப்பெண்ணிடம் கற்ற "சுசு"வும் (மலாயில் பால்) சொல்தான். எல்லா மொழியையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள்.

பேச்சில் உண்மையாகவே சிக்கல் இருக்கும் குழந்தைக்கு அது இரண்டு மொழியிலும் தெரியும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் இரண்டு வாளியும்தான் காலியாக இருக்கும். ஒன்றைத் தூக்கி எறிந்தால் மற்றது நிறைந்துவிடுமா? டவுன் நோய்க்குறி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளிலும் இரண்டாம் மொழி கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை. நான் சொன்ன வீட்டில் நடந்ததைப் பாருங்கள். குழப்பம் தீரட்டும் என்று தமிழை எடுத்தார்கள். தமிழோடு பாட்டியும் போய்விட்டார். நாளெல்லாம் அவனோடு இருந்தவர், அவன் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடிய ஒரே ஆள். அந்த இடத்துக்கு வந்தது ஒரு திரை.

திரை என்ன குறைச்சல், அதுவும் பேசத்தானே செய்கிறது என்பார்கள். 2003இல் பட்ரீசியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு ஒரு சோதனையை வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுபவர்கள் பன்னிரண்டு முறை உட்கார்ந்து பொம்மை காட்டி, புத்தகம் படித்து விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரிக்கக் கற்றுக்கொண்டன. அதே ஆள்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில் என்றபோது எதுவும் ஏறவில்லை. வீடியோவில் இருப்பவர் குழந்தை திரும்பிப் பார்த்தால் நிறுத்த மாட்டார். அது சிரித்தால் சிரிக்க மாட்டார். அது "ப்பூ" என்றால் "ஆமா கண்ணு, பூதான்" என்று சொல்ல அவருக்குத் தெரியாது.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. ஆறு மாதக் குழந்தைக்கு உலக மொழிகளின் ஒலி வேறுபாடுகள் பெரும்பாலும் கேட்கும். 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வில் ஹிந்தியின் இரண்டு ஒலிகளைச் சோதித்தார்கள். நமக்கு அது 'பத்து', 'பட்டு' வேறுபாடு. ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் அதைப் பிரித்தன, ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் தவறவிட்டன. காது தன்னைச் சுற்றிக் கேட்கும் மொழிக்குத் தன்னைத் தீட்டிக்கொள்கிறது. பிறகு கற்கவே முடியாது என்று இல்லை, கற்கலாம். பாட்டி இனாமாகக் கொடுத்ததைத் தொடக்கப்பள்ளியில் டியூஷன் கட்டணம் கட்டி வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் சிங்கப்பூரின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. ஏப்ரல் மாதம் தமிழ் மொழி விழாவில் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பாட்டியை அடக்கினால் எண்ணிக்கை வேறெங்கே போகும்?

அப்புறம் அந்த ஏ பி சி டி. இதில் எனக்குக் கோபத்தை விட வருத்தம்தான். எழுத்து என்பது ஒலிக்குப் போட்ட படம். ஒலியும் சொல்லும் வராத பிள்ளைக்கு அந்தப் படத்தால் பயன் இல்லை, அது இருபத்தாறு அடிப் பாட்டு. 'டபிள்யூ' என்ற பெயரில் 'வ' ஒலியே கிடையாது, யோசித்துப் பாருங்கள். தமிழில் அந்தத் தொல்லை குறைவு, 'ப' என்றால் 'ப'தான். அதற்காக இரண்டு வயதில் 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் மாட்டி மிரட்டவும் வேண்டாம். விஜயதசமியன்று கோயிலில் அரிசியில் 'அ' எழுத வைத்தீர்களா, நல்லது. மறுநாள் காலை அது வகுப்பாக மாற வேண்டியதில்லை.

எழுத்துக்கு முன்னால் காது பழக வேண்டும். 'வா-ழைப்-ப-ழம்' என்று நாலு தட்டுத் தட்டுங்கள். பூனை, பூட்டு, பூரி, எல்லாம் எதில் ஆரம்பிக்குது என்று மூன்று நான்கு வயதில் விளையாட்டாகக் கேளுங்கள். புத்தகம் வேறு விஷயம், அதைக் கைக்குழந்தையிலேயே தொடங்கலாம். பொது நூலகங்களில் தமிழ்ப் படப் புத்தகங்கள் இரவல் கிடைக்கின்றன. அதில் உள்ள வரிகளை வாசித்தே ஆக வேண்டும் என்று இல்லை, படத்தைப் பார்த்துக் கதை அளந்தால் போதும். பாட்டிகளுக்கு அது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்லுங்கள். தேக்கா சந்தையில் அது மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலையைத் திருப்பி ஆப்பிளைக் காட்டாதீர்கள், "மீன்! பெரிய மீன்!" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள், பிள்ளைக்கும் முறை வரட்டும். "இது என்ன? இது என்ன?" என்று தேர்வு நடத்தாதீர்கள். 'தண்ணி' என்றால் 'தண்ணீர்' என்று திருத்தாதீர்கள், தண்ணீரைக் கொடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் திரை வேண்டாம். பதினெட்டு மாதத்துக்குள் வீடியோ அழைப்பு தவிரத் திரையே வேண்டாம், அதன் பிறகு ஆறு வயது வரை பள்ளிக்கு வெளியே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பது நம் சுகாதார அமைச்சின் ஆலோசனை. நாக்கில் வசம்பு தேய்த்தால் பேச்சு வராது. தேன் தடவினாலும் வராது, ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து, தொடவே வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை. பதினெட்டு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு வயதில் எல்லா மொழியும் சேர்த்து ஐம்பது சொல் வரவில்லை, "அப்பா வா" என்று இரண்டைச் சேர்க்கவில்லை. எந்த வயதிலும் வந்த சொல் போய்விட்டது. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் குழந்தையின் சுகாதாரக் கையேட்டை எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) குழந்தை மருத்துவரிடமோ போங்கள். "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று யாராவது சொல்வார்கள். சரி, இருக்கட்டும், போய்விட்டு வந்து அந்தக் கதையைக் கேட்கலாம். கேள்திறன் சோதனையையும் கேட்டுப் பெறுங்கள். பிறந்தபோது தேறிய குழந்தைக்கும் பின்னால் நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்ளலாம்.

என்னிடம் வருவதானால் தயவுசெய்து மூன்று காரியம் செய்யுங்கள். பிள்ளை தானாகச் சொல்லும் சொற்களை, மழலையாக இருந்தாலும், எந்த மொழியாக இருந்தாலும், ஒரு தாளில் எழுதி வாருங்கள், ஒப்பிப்பவை அதில் வேண்டாம். டேப்லெட்டை வீட்டில் வையுங்கள். பாட்டியைக் கூட்டி வாருங்கள். அந்தப் பாட்டியிடம் அடுத்த சந்திப்புக்குள் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருக்கிறேன்: காலையில் தோசை சுடும்போது வாயை மூடவே கூடாது என்று.