பிள்ளை பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் என்ன கேட்கலாம்?

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்ற தாய்க்கு இரண்டாம் நாளே காதில் விழும் பேச்சு, "பால் காணாது போல கிடக்கு." பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் பால் வருவதும் வராததும் பெரும்பாலும் பிரசவ அறையிலும் விடுதியிலும் நடப்பதைப் பொறுத்தது. அதற்கென்று ஓர் ஒழுங்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 1991இல் கொண்டுவந்த, தாய்ப்பாலூட்டலுக்கான பத்துப் படிகள் கொண்ட திட்டம் அது. 2018இல் அதைத் திருத்தினார்கள்.

முக்கியமானது முதல் மணித்தியாலம். பிறந்த பிள்ளையின் ஈரத்தைத் துடைத்து, சட்டை போடாமல் தாயின் வெறும் நெஞ்சில் கிடத்த வேண்டும். குறைந்தது ஒரு மணித்தியாலமாவது அப்படியே விட்டால், பிள்ளை தானே முலையைத் தேடும். நிறை பார்ப்பது அதற்குப் பிறகும் செய்யலாம். முதுகில் ஊசி போட்டுச் சிசேரியன் செய்தாலும் தாய் விழிப்பாகத்தான் இருப்பார், அதனால் அங்கேயும் இது முடியும். கிளினிக்குக்குப் போகும்போதே சொல்லி வையுங்கள். தியேட்டருக்குள் போனபிறகு கேட்க வாய் வராது.

சிசேரியனுக்குப் பிறகு பால் பெருக ஒன்றிரண்டு நாள் பிந்தலாம். சுகப்பிரசவத்திலும் பால் பெருகுவது மூன்றாம் நாள் அளவில்தான். அதுவரை வருவது மஞ்சள் நிறச் சீம்பால். முதல் நாள் பிள்ளைக்கு ஒரு தடவைக்குத் தேக்கரண்டி அளவே போதும், வயிறும் அவ்வளவுதான் கொள்ளும். முதல் நாட்களில் நிறை கொஞ்சம் குறைவதும் இயல்பு. பிரசவ நேரத்தில் தாய்க்கு நிறையச் சேலைன் ஏற்றியிருந்தால் பிள்ளையின் பிறப்பு நிறையே சற்றுக் கூடுதலாகக் காட்டும், பிறகு இழப்பும் பெரிதாகத் தெரியும். பத்து வீதத்தை நெருங்கினால் மட்டும் பால் கொடுக்கும் முறையை உடனே பார்க்க வேண்டும்.

யாராவது "பால்மா கொடுப்பம்" என்றால், சண்டை பிடிக்க வேண்டாம், "என்ன காரணம்?" என்று கேளுங்கள். பிள்ளையின் இரத்தத்தில் சீனி குறைவு, நீரிழப்பு, குறைமாதம் என்று மருத்துவக் காரணம் இருக்கலாம். அப்படியென்றாலும் முதலில் கறந்த தாய்ப்பாலைச் சின்னக் கோப்பையால் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். காரணமில்லாமல் கொடுக்கும் ஒவ்வொரு பால்மாவும் பிள்ளை முலையில் உறிஞ்சும் ஒரு தடவையைக் குறைக்கிறது. உறிஞ்சல் குறைந்தால் சுரப்பும் குறையும். இலங்கையில் பால்மாக் கம்பனிகள் தாய்மாருக்கு விளம்பரம் செய்வதும் இலவச மாதிரி கொடுப்பதும் விதிப்படி தடை. ஆகவே கையில் ஒரு டின் தந்தால் வாங்காதீர்கள்.

பிள்ளையை இரவும் பகலும் உங்கள் கட்டிலருகிலேயே வைத்திருக்கக் கேட்கலாம். முலைக்காம்பு வெடித்து நோகுது என்றால், பிள்ளை வாயை அகலத் திறந்து முலையின் கருமையையும் சேர்த்துப் பிடிக்கிறதா என்று நர்ஸைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பால் சுரக்குமென்று வீட்டில் தரும் சுறாப்புட்டைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், தடையில்லை. ஆனால் பிள்ளை சரியாகப் பிடிக்காவிட்டால் சுறாவால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தபின் உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது மிட்வைஃப், வீடு தேடி வர வேண்டும். முதல் பத்து நாட்களுக்குள்ளேயே. வராவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள். காசு கட்டத் தேவையில்லை.

வேலைக்குப் போகும் தாய்மாருக்குச் சம்பளத்தோடு 84 நாள் பிரசவ லீவு உண்டு. திரும்பிய பிறகு, கடை, அலுவலக ஊழியருக்கு 2018 முதல், பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளையும் சட்டப்படி கிடைக்கும். வேலையிடத்தில் பிள்ளை பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம்.